வாசலை விற்றவர்கள்

காலையிலிருந்து கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, "பேச்சு முடிந்தால்தான் அடுத்த மேட்ச்" என்று அறிவித்த ஒரே காரணத்தால் மாடியேறி வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே!

உங்கள் அவசரம் எனக்குத் தெரிகிறது. சுருக்கமாகப் பேசுகிறேன் என்று மைக் முன்னால் எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் அந்தப் பொய்யைச் சொல்லப் போவதில்லை.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், இ-ஸ்போர்ட்ஸ் உருப்பட வேண்டுமானால் ஃபிரான்சைஸ் லீக் வேண்டும் என்றார். முதலாளி வருவார், அணி நிலைக்கும், பையன்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், அது மேடை நாகரிகம். இனி அவரை மறுக்க வேண்டியது என் வேலை.

எங்கள் ஊர்ப் பக்கம் டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். "மாபெரும் கிரிக்கெட் போட்டி" என்று கொட்டை எழுத்து. பரிசு கொடுக்கும் பெரிய மனிதர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். எல்லாருக்கும் மீசை, எல்லாருக்கும் கும்பிட்ட கை. அடியில் பொடி எழுத்தில்தான் உயிர் இருக்கும்: "நுழைவுக் கட்டணம் ரூ. 500." பதினோரு பேர் காசு போட்டு ஐந்நூறு கட்டினால் ஆடலாம். தோற்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம், ஜெயித்தால் சாயங்காலம் வரை நிற்கலாம். உன் டீமின் சொத்து மதிப்பு என்ன என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. ஓபன் குவாலிஃபயர் என்று நீங்கள் இங்கிலீஷில் சொல்வது இதைத்தான்.

அதற்கு நேர் எதிரான மூடிய லீக், அதாவது நண்பர் கேட்ட ஃபிரான்சைஸ், எப்படி இருக்கும்? 2016 நவம்பரில் பிளிசார்ட் நிறுவனம் ஓவர்வாட்ச் என்ற தன் விளையாட்டுக்கு ஓவர்வாட்ச் லீக்கை அறிவித்தது. 2018 ஜனவரியில் 12 அணிகளோடு ஆட்டம் தொடங்கியது. ஓர் அணிக்கான இடம் 2 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அடுத்த சீசனுக்கு இன்னும் எட்டு இடம் விற்றார்கள், அதற்கு விலை இன்னும் அதிகம் என்றார்கள். லண்டன், சியோல், ஷாங்காய், டல்லாஸ் என்று ஊர்ப் பெயர்கள் கம்பீரமாக இருந்தன. ஆனால் தம்பிகளே, அந்த இருபது இடங்களில் ஆட்டத்தில் ஜெயித்துப் பெற்ற இடம் ஒன்றுகூட இல்லை. அத்தனையும் காசோலையில் வந்தவை.

அதற்கு முன்னால் ஓவர்வாட்சுக்குப் போட்டியே இல்லையா? இருந்தது. கொரியாவில் ஏபெக்ஸ் என்ற போட்டியை ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நடத்தியது. கீழ்ப் பிரிவில் ஆடி மேலே ஏறலாம், மேலே சொதப்பினால் கீழே இறங்க வேண்டும். நாலு சீசன் நடந்தது. சொந்தக்காரன் சொந்த வீடு கட்டியதும் ஏபெக்ஸ் இல்லாமல் போயிற்று. அதன்பிறகு கன்டெண்டர்ஸ் என்று ஒரு இரண்டாம் தட்டு வைத்தார்கள். அங்கே நீ எத்தனை கோப்பை வாங்கினாலும் உன் அணி மேல் லீக்குக்குப் போக முடியாது. உன்னிடம் இருக்கும் நல்ல பையனை மட்டும் மேலே இருப்பவன் வந்து கொண்டு போவான். நாற்றங்கால் உனக்கு, அறுவடை அவனுக்கு!

ஓவர்வாட்ச் லீக்கின் முதல் சீசனில் ஷாங்காய் டிராகன்ஸ் என்ற அணி 40 ஆட்டம் ஆடியது. 40 ஆட்டத்திலும் தோற்றது. டீக்கடை நோட்டீஸ் போட்டியில் நாற்பது முறை தோற்க வேண்டுமென்றால் அதற்கு ஓர் ஆயுள் வேண்டும். இங்கே ஒரே சீசன் போதும், ஏனென்றால் கீழே இறக்க ஆள் இல்லை. "பொறுமையாக இருந்தார்கள், 2021இல் அதே அணி சாம்பியன் ஆனது, மூடிய லீக்கின் நன்மை பார்த்தீர்களா" என்று நண்பர் கேட்பார். கேட்கட்டும். 40 தோல்விக்குப் பிறகு அந்த அணி என்ன செய்தது? ஆடிய பையன்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிய ஆட்களை எடுத்தது. ஆக, கீழிறக்கம் அங்கேயும் நடந்தது ஐயா! இறங்கியவன் ஆட்டக்காரன், இறங்காதவன் முதலாளி. அவர்கள் பேசும் நிலைத்தன்மை நாற்காலிக்குத்தான், அதில் உட்கார்ந்தவனுக்கு இல்லை.

சம்பளத்துக்கு வருவோம். நியாயமாகப் பேச வேண்டும். ஓவர்வாட்ச் லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 50 ஆயிரம் டாலர், மருத்துவக் காப்பீடு உண்டு, தங்க இடம் உண்டு. பரிசுப் பணத்தை நம்பி நூடுல்ஸ் தின்று கிடந்த பையனுக்கு அது சின்ன விஷயம் அல்ல. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அதே லீக்கில், சம்பளச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் அணி ஒரு டாலர் அபராத வரி கட்ட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். சம்பளம் ஏறாமல் இருக்க வைத்த கூரை அது என்று சொல்லி, 2023 ஏப்ரலில் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. அந்த விதியை இனி கொண்டுவர மாட்டோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. தரையும் நான்தான் போடுவேன், கூரையும் நான்தான் போடுவேன் என்பவன் வீட்டில் நிமிர்ந்து நிற்க முடியாது.

கடைசியில் அந்த வீடும் நிற்கவில்லை. 2020இல் கொரோனா வந்து ஊர் ஊராக ஆடும் திட்டத்தைச் சாய்த்தது, பார்வையாளர் குறைந்தார்கள், 2023 சீசனோடு கதை முடிந்தது. விலகும் அணிக்கு 60 லட்சம் டாலர் கொடுப்பதாக ஏற்பாடு. 2 கோடி போட்டவனுக்கு 60 லட்சம். நான் முதலாளிகளுக்காக அழுவதில்லை, அவர்களுக்குக் கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அதே ஓவர்வாட்சுக்கு எந்த மாதிரிப் போட்டி வைத்தார்கள் தெரியுமா? ஓபன் குவாலிஃபயர் வைத்த போட்டி! சுற்றிச் சுற்றி டீக்கடைச் சுவருக்கே வந்து சேர்ந்தார்கள்.

இப்போது திறந்த வாசல் யாரை உள்ளே விட்டது என்று பாருங்கள்.

2018 மே மாதக் கடைசி. டோட்டா விளையாட்டில் ஓஜி என்று ஓர் அணி. அதன் இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பயிற்சியாளரையே ஆட இறக்கினார்கள். விலகிப் போயிருந்த ஆஸ்திரேலியப் பையன் ஆனாவைத் திரும்ப அழைத்தார்கள். பெரிய மேடையில் ஆடிப் பழக்கமே இல்லாத டாப்சன் என்ற ஃபின்லாந்துப் பையனைச் சேர்த்தார்கள். நேரடி அழைப்பு கிடையாது, ஓபன் குவாலிஃபயரில் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ஏறினார்கள். ஆகஸ்டில் வான்கூவரில் 'தி இன்டர்நேஷனல்' இறுதி ஆட்டம். எதிரே சீனாவின் பிஎஸ்ஜி எல்ஜிடி. 3-2 என்று ஜெயித்து 1 கோடியே 12 லட்சம் டாலர் பரிசோடு போனார்கள். அடுத்த ஆண்டு ஷாங்காயில் மறுபடியும் அதே கோப்பை. மூடிய லீக்காக இருந்திருந்தால் அந்த மே மாதத்தில் டாப்சனுக்கு என்ன கதி? "அடுத்த விற்பனைக்குக் காத்திரு தம்பி" என்றிருப்பார்கள்.

கொரியாவில் டாம்வொன் என்று லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் அணி. 2018இல் இரண்டாம் பிரிவில் கிடந்தது. ஏற்றப் போட்டியில் ஜெயித்து 2019இல் மேல் லீக்கான எல்சிகேவுக்கு வந்தது. 2020 அக்டோபர் 31 அன்று ஷாங்காயில் உலகச் சாம்பியன். இரண்டாம் பிரிவிலிருந்து உலகக் கோப்பைக்கு இரண்டே ஆண்டு! சரி, அதற்கு அடுத்த ஆண்டு, 2021இல் எல்சிகே என்ன செய்தது? ஃபிரான்சைஸ் ஆனது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, பத்து அணி நிரந்தரம். உலகச் சாம்பியன் நடந்து வந்த வாசலைச் செங்கல் வைத்துப் பூசி, அதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பூச்சுக்குப் பின்னால் நின்ற அடுத்த டாம்வொன் எது? நமக்குத் தெரியாது. தெரியாமல் போவதுதான் இதில் கொடுமை.

நம் பக்கத்து ஆள் ஒருவர். லாகூர்க்காரர், அர்ஸ்லான் ஆஷ். டெக்கன் என்ற சண்டை விளையாட்டு ஆடுபவர். ஈவோ என்ற சண்டை விளையாட்டுத் திருவிழாவில் கட்டணம் கட்டினால் யாரும் ஆடலாம், நம் ஊர் நோட்டீஸ் மாதிரியே. 2019 பிப்ரவரியில் ஜப்பானில் நடந்த ஈவோவுக்கு விசாச் சிக்கலோடு விமான நிலையம் விமான நிலையமாகச் சுற்றி வந்து சேர்ந்தார். பெயர் கேட்டிராத ஆள். கோப்பையை வாங்கினார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவில் கொரியாவின் ஜாம்பவான் ஒருவரைச் சாய்த்தார். அந்தக் கொரியருக்கு ஆட்டப் பெயர் 'நீ'. கைதட்டாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை! ஜெயித்ததும் அர்ஸ்லான் சொன்ன சேதிதான் எல்லாரையும் உலுக்கியது: என் அளவுக்கு ஆடுபவர்கள் எங்கள் ஊரில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்றார். பந்தாவுக்குச் சொல்கிறார் என்று நினைத்தார்கள். 2025 ஈவோ இறுதியில் டெக்கன் மேடையில் எதிரெதிரே உட்கார்ந்த இருவருமே பாகிஸ்தானியர்கள். லாகூரின் பெயரில் ஓர் இடத்தை 2 கோடி டாலருக்கு எந்த முதலாளி வாங்கியிருப்பார்? சொல்லுங்கள்.

"திறந்த போட்டியில் அணி செத்துப் போகுமே, முதலாளி ஓடிவிடுவாரே" என்கிறார்கள். மூடிய வீட்டில் மட்டும் ஓடவில்லையா? வட அமெரிக்காவின் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் லீக்கான எல்சிஎஸ் 2018இல் ஃபிரான்சைஸ் ஆனது, பழைய அணிக்கு 1 கோடி டாலர், புதிய அணிக்கு 1 கோடியே 30 லட்சம். 2023இல், இளையவர் அணியை வைத்திருக்கத் தேவையில்லை என்று அந்த விளையாட்டை நடத்தும் ரயட் நிறுவனம் அனுமதித்ததும், பத்தில் ஏழு அணிகள் அதைக் கைகழுவின. ஆட்டக்காரர்கள் சங்கமாகக் கூடி ஆட மாட்டோம் என்றார்கள். சீசன் தொடக்கம் இரண்டு வாரம் தள்ளிப் போனது. அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்றைக் கவனியுங்கள்: கீழ்ப் பிரிவுக்கும் எங்கள் லீக்குக்கும் நடுவே ஏற்ற இறக்கம் கொண்டு வா என்றார்கள்! இறங்கினால் வேலை போகும் என்று தெரிந்தவர்கள், உள்ளே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். அடுத்த ஆண்டு இரண்டு அணிகள் போய், பத்து அணி லீக் எட்டாகச் சுருங்கியது.

2023இல் ரயட்டின் வாலரன்ட் விளையாட்டில் இன்னொரு கூத்து. அங்கே 2022இலேயே ரயட் நிறுவனம் விண்ணப்பம் வாங்கி 30 அணிகளைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது. மும்பையின் குளோபல் இ-ஸ்போர்ட்சும் அதில் உண்டு, வாழ்த்துவோம். கீழே இருப்பவர்களுக்கு அசென்ஷன் என்று ஒரு சன்னல் வைத்தார்கள். அமெரிக்கக் கண்டத்தின் அசென்ஷனில் தி கார்ட் என்ற அணியின் பையன்கள் ஜெயித்தார்கள். ஜெயித்த கொஞ்ச நாளில் அவர்களுடைய நிறுவனம் கடையைச் சாத்தியது. இடம் நிறுவனத்துக்குத்தான், பையன்களுக்கு இல்லை, ஆகவே அது காலி என்று அறிவித்தது ரயட். ஆடியது யார்? ஜெயித்தது யார்? உலகம் முழுக்க ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். ரயட் பின்வாங்கியது, ஜி2 என்ற நிறுவனம் அந்தப் பையன்களை எடுத்துக்கொண்டது. நல்ல முடிவுதான். ஆனால் முதலில் அவர்கள் கைக்கு வந்த தீர்ப்பு எது என்பதை மறந்துவிடாதீர்கள். சண்டை போட்ட பிறகு கிடைத்த நியாயத்தை ரயட்டின் தர்மக் கணக்கில் எழுத முடியாது.

ஐபிஎல்லைப் பாருங்கள் என்று உதாரணமும் காட்டினார் நண்பர். ஐபிஎல்லுக்கு வெளியே கிரிக்கெட் இருக்கிறது ஐயா! சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் போட்டுக்கொண்டிருந்தவர். சென்னைக்கு வந்து தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் நாலாம் டிவிஷனில் ஆடினார். அந்த டிவிஷன்களில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு. அங்கிருந்து படிப்படியாக ரஞ்சி, டிஎன்பிஎல், 2017இல் ஐபிஎல், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் தொப்பி. ஐபிஎல் மூடிய வீடுதான், ஆனால் அது நிற்கும் தெரு திறந்த தெரு. அதோடு, கிரிக்கெட் யாருடைய சொத்தும் அல்ல. நாளைக்கு ஐபிஎல் நின்றாலும் மட்டையும் பந்தும் நம்மிடம் இருக்கும். ஓவர்வாட்ச் பிளிசார்டின் சொத்து. மைதானம், பந்து, நடுவர், விதிப்புத்தகம், டிக்கெட் கவுண்டர் எல்லாம் ஒரே கையில். அந்தக் கையில் வாசல் சாவியையும் கொடு என்கிறார் என் நண்பர்!

மறுபக்கம் எல்லாம் புனிதம் என்று சொல்லவில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக்கை வைத்திருக்கும் வால்வ் நிறுவனம், 2025இலிருந்து பெரிய போட்டி நடத்துபவர்கள் அணிகளோடு தனி வியாபார உறவு வைக்கக்கூடாது, அழைப்பு தரவரிசைப்படியோ திறந்த தகுதிச்சுற்று வழியோதான் போக வேண்டும் என்று 2023இலேயே சொல்லிவிட்டது. அதற்காக வால்வ் ஒன்றும் வடலூர்த் தர்மசாலை ஆகிவிடாது. அவர்கள் விற்கும் பெட்டிகளில் காசைக் கொட்டியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இருந்தாலும் இந்த ஒரு விதி சரியான விதி. சம்பளம் கொடு, உதவித்தொகை கொடு, விளையாட்டில் விற்கும் பொருளின் லாபத்தில் பங்கு கொடு. இந்த ஆண்டு மேலே ஆடுகிறவனுக்கு இந்த ஆண்டு கொடு. பட்டா போட்டுக் கொடுக்காதே.

என் கதையும் ஒன்று உண்டு. பத்து ஆண்டுக்கு மேல் இருக்கும். நாங்கள் ஐந்து பேர், ஒரு பிரவுசிங் சென்டர், சிங்கப்பூர் சர்வர். டோட்டா ஓபன் குவாலிஃபயருக்குப் பெயர் கொடுத்தோம். பதிவு செய்ய ஒரு காசு கேட்கவில்லை. முதல் சுற்றிலேயே தோற்றோம், அதுவும் இருபத்தைந்து நிமிஷத்தில். பாதியில் கரண்ட் போனது என்று வீட்டில் சொன்னோம், கரண்ட் போகவே இல்லை. ஆனால் அந்த அட்டவணையில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே எங்கள் டீமின் பெயர் இருந்தது. தப்பும் தவறுமாக இங்கிலீஷில் எழுதியிருந்தோம். அதைப் பிரிண்ட் எடுத்துச் சென்டர் அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்தார். கடை மூடும்வரை அங்கேயேதான் இருந்தது.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கீழே பதிவு மேசை ஆறு மணிவரை இருக்கும். அணிக்கு 250 ரூபாய், ஐந்து பேர், மௌஸ் நீங்களே கொண்டு வர வேண்டும். நண்பரே, உங்கள் அணிக்கும் இடம் இருக்கிறது. முதல் சுற்றிலிருந்து!