ஆலைச் சங்கும் புதுவை நகரும்



புதுவையில் நெய்து அவுரி நீலம் ஏற்றிய துணி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செனகல் நாட்டுக்குச் சென்றது. பிரெஞ்சு வணிகர் அங்கே அதனைக் கொடுத்து வேலம்பிசின் பெற்றனர். ஆப்பிரிக்கச் சந்தையின் ஏற்றமும் இறக்கமும் புதுவைத் தறிகளைத் தொட்டன. முதலாளிக்குச் சந்தைகள் பல. தொழிலாளிக்கோ ஊர் ஒன்றே.

சந்தை விரிந்த அளவுக்கு உழைப்பவர் வாழ்வு விரியவில்லை. 1936 சூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். அவர்கள் கேட்ட எட்டு மணி நேர வேலை மறு ஆண்டே சட்டமாயிற்று.

பின்னர் அவ்வாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட சுதேசி நிறுவனத்தின் ஆறு ஆலைகளுள் ஒன்றாயிற்று. 1978இல் அந்நிறுவனத்தின் நிர்வாகத்தை மைய அரசு ஏற்றது. புதுவை ஆலையின் தலைவிதி, அது கண்டிராத ஊர்களின் விதியோடு பிணைந்தே முடிவாயிற்று.

1898இல் தோன்றிய ரோடியர் ஆலை, ஏ.எஃப்.டி. என்ற பெயரில் 1986இல் புதுவை அரசின் உடைமையானது. 2011இல் தானே புயலால் சிதைந்தது, 2020இல் மூடப்பட்டது. உரிமையாளர் உள்ளூராரே ஆனபின்னும், கைநழுவிய சந்தையை மீட்க இயலவில்லை.

நிறுவனம் எங்கும் பரவலாம். அதனை வளர்த்த நகருக்கு எஞ்சுவது எது? இங்கே எஞ்சியது எட்டு மணி நேர உரிமை. அது முதலாளி அளித்த கொடையன்று. பன்னிருவர் உயிரீந்து பெற்றுத் தந்தது. புதுவையைக் கடற்கரை நகராக மட்டும் பாடுவோர், ஆலைச் சங்கு கேட்டு எழுந்த தெருக்களையும் பாடுதல் வேண்டும்.