எல்லை காட்டும் யாப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



யாப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஓசையைப் பற்றியே பேசுவர். செய்யுள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று காட்டுவதும் யாப்பின் பணியே. இதனை விளக்க, நம் பகுதியின் தொழிற்கூடங்களுக்கும் வீடுகளுக்கும் உரிய கருவிகளிலிருந்து சான்று தர விழைகின்றேன்.

கம்பியில் ஓடும் கணினிச் செய்தி 0, 1 என்னும் இரண்டே எழுத்துகளால் ஆனது. வழியில் இரைச்சலால் சில எழுத்துகள் திரிந்துவிடும். ஆகவே செய்தியைக் கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றோடும் கணக்கிட்ட சில சரிபார்ப்பு எழுத்துகளைச் சேர்த்து அனுப்புவர். இப்படி அமைந்த கூறே குறிச்சொல். 1960இல் ரீட், சாலமன் என்னும் இருவர் வகுத்த முறை இவ்வகையில் புகழ் பெற்றது. ஆனால் திருத்தத் தொடங்குமுன் ஒரு வினா நிற்கின்றது: இடையறாத ஓட்டத்தில் குறிச்சொல் எங்கே தொடங்குகின்றது? எல்லை தவறினால் பிழையற்ற செய்தியும் பிழை மலிந்ததாகவே தோன்றும்.

எல்லை காண மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது இடைவெளி. கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் மின்னளவிகளையும் வெப்பமானிகளையும் இணைக்கப் பயன்படும் மோட்பஸ் முறை 1979இல் தோன்றியது. அதன் ஒரு வகையில், மூன்றரை எழுத்து நேர மௌனமே ஒரு செய்தி முடிந்ததற்கு அடையாளம். எளிய வழிதான், ஆனால் மௌனத்துக்கும் நேரம் செலவாகும்.

இரண்டாவது அடையாளக் குறி. திருவள்ளூர் வீடுகளில் கேபிள் தொலைக்காட்சியின் செட்டாப் பெட்டி பெறும் ஓட்டத்தில், 188 பைட் செய்தியோடு 16 பைட் சரிபார்ப்புச் சேர்ந்து 204 பைட் ஒரு குறிச்சொல்லாகும். அதில் 8 பைட் வரை திரிந்தாலும் திருத்தலாம். முதல் பைட் எப்போதும் 01000111. எட்டுக்கு ஒருமுறை அது தலைகீழாய் வரும். இதே வடிவம் செய்தியின் நடுவிலும் தற்செயலாய் அமையலாம். அதற்கு வாய்ப்பு 256இல் ஒன்று. ஆகவே பெட்டி 204 பைட் தள்ளி மீண்டும் பார்க்கும், பின்னும் பார்க்கும். மூன்று முறையும் தற்செயலாய்ப் பொருந்துவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சத்தில் ஒன்று.

மூன்றாவது வழியே நமக்கு நெருக்கமானது. அதில் இடைவெளியும் இல்லை, குறியும் இல்லை. 2007இல் ஈதர்நெட் முறையில் சேர்ந்த ஒரு குறிச்சொல்லில் 2,112 எழுத்துகள். அவற்றுள் 32 சரிபார்ப்புக்கு உரியவை. பெறும் கருவி ஓரிடத்தைத் தொடக்கமாகக் கொண்டு விதி பொருந்துகின்றதா என்று சோதிக்கும். பொருந்தாவிடில் ஓர் எழுத்துத் தள்ளிச் சோதிக்கும். தொடர்ந்து நான்கு குறிச்சொற்கள் பொருந்தினால் எல்லை உறுதி. தொடர்ந்து எட்டுப் பிழைத்தால் தேடல் மீண்டும் தொடங்கும். பிழை காட்டும் விதியே எல்லையையும் காட்டுகின்றது.

ஒவ்வோர் இடத்திலும் முழுவதையும் புதிதாய்க் கணக்கிட்டால் 44 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளைப் பார்க்க நேரும். அது வேண்டியதில்லை. நகரும்போது முன்னே ஓரெழுத்து நீங்குகின்றது, பின்னே ஓரெழுத்துச் சேர்கின்றது. பழைய கணக்கில் அவ்விரண்டின் பங்கை மட்டும் மாற்றினால் ஆறாயிரத்துச் சொச்சத்தில் வேலை முடியும்.

இங்கே ஓர் இடர் உண்டு. இவ்வகை விதிகள் பல சுழற்சி உடையவை. முதலெழுத்தை எடுத்து இறுதியில் வைத்தாலும் விதி கெடாது. ஆகவே எல்லை ஓரெழுத்துப் பிசகினால், மிஞ்சிப் போனால் ஒரே ஒரு பிழைதான் தென்படும். இரக்கமுள்ள திருத்தி அதனையும் திருத்தி, தவறான எல்லையை மெய்யென்று ஏற்றுவிடும். இதனைத் தடுக்க, இரு முனையும் அறிந்த நிலையான ஒரு கோலத்தைக் குறிச்சொல்லின் மேல் ஏற்றிச் சுழற்சியை முறிக்கின்றனர்.

அன்பர்களே, நம் வெண்பாவை எண்ணிப் பாருங்கள். அடிபிரிக்காது தொடர்ந்து எழுதிய நேரிசை வெண்பாக்களில் ஒரு சீர் தள்ளிப் படியுங்கள். பதினைந்து சீர்களுக்கு இடையே உள்ள பதினான்கு தளைகளில் பதின்மூன்று செம்மையாகவே நிற்கும்! தளை மட்டுமே காவலாயின் நாம் ஏமாறுவோம். எதுகை இடம் மாறுவதும், ஈற்றடி முச்சீராய் நிற்பதும், ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாய் அமைவதுமே நம்மைக் காக்கின்றன. சுழற்சியை முறிக்கும் கோலம் வெண்பாவுக்குள்ளேயே இருக்கின்றது.

ஏட்டுச் சுவடிகளில் சொல்லிடை வெளி இல்லை. மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் போன்றோர்க்கு யாப்பறிவு அழகுணர்ச்சி மட்டுமன்று, வழிகாட்டியுமாகும்.

ஆகவே சுவடி பார்க்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லை உறுதியாகும் முன் பாடத்தைத் திருத்தாதீர்கள். ஓரிடத்தில் பொருந்தியது போதாது. அடுத்த செய்யுளும் அதற்கடுத்ததும் பொருந்தட்டும். தவறான எல்லைக்குள் செய்யும் திருத்தம், நல்ல பாடத்தை அழிப்பதாகும். கவிஞர்களுக்கும் ஒரு சொல்: ஈற்றடியின் கட்டைத் தளை என்று வெறுக்காதீர்கள், உங்கள் பாட்டு எங்கே முடிந்தது என்பதை நூறாண்டு கழித்துப் படிப்பவனுக்குச் சொல்லப்போவது அதுவே.