"சளிக் காய்ச்சல்தானே" என்று இருந்துவிட வேண்டாம்

(நம் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நம் தெருக்களில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்துவிடுகிறோம். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். அதனால் ஃப்ளூ காய்ச்சலை நாம் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகிறது.

2009-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். பன்றிக்காய்ச்சல் என்று ஊரெல்லாம் பேசினோமே, அது எச்1என்1 என்ற புது ஃப்ளூ கிருமி. ஜூன் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதை உலகளாவிய பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்ட் 3 அன்று புனேயில் 14 வயது மாணவி இறந்தார். இந்தியாவில் அதுதான் முதல் சாவு. அடுத்த ஒரு வாரத்தில் சென்னையிலும் ஒரு சின்னப் பிள்ளை இறந்தது. 2010 ஆகஸ்டில் பெருந்தொற்று முடிந்தது என்றார்கள். ஆனால் அந்தக் கிருமி போய்விடவில்லை. பருவக் காய்ச்சலாக இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கிருமி மூக்கு, தொண்டையோடு நின்றால் கவலையில்லை. சிலருக்கு அது நுரையீரலின் அடிவரை இறங்கிவிடுகிறது. அங்குள்ள சின்னச் சின்னக் காற்றுப் பைகள் புண்ணாகி நீர் கோத்துக்கொள்கின்றன. எவ்வளவு மூச்சு இழுத்தாலும் பிராணவாயு ரத்தத்தில் சேராது. செயற்கை சுவாசம் வைக்க வேண்டிவரும். இதயமும் சிறுநீரகமும் கெடலாம். சிலருக்குக் காய்ச்சல் விட்டு, இரண்டொரு நாளில் மறுபடி அடிக்கும். அது வேறு கிருமியால் வந்த நிமோனியாவாக இருக்கலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

* கர்ப்பிணிகள், பிரசவமாகி இரண்டு வாரம் ஆகாதவர்கள்
* 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், 65 வயது தாண்டியவர்கள்
* சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள்
* உடல் பருமன் மிக அதிகம் உள்ளவர்கள்

2009-இல் எந்த நோயும் இல்லாத இளவயதினரும் இறந்தார்கள். அதனால் "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று யாரும் இருக்கக்கூடாது.

நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பிள்ளைகள் ஷிப்ட் பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்து போகிறார்கள். ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள். லீவு போட்டால் சம்பளம் போய்விடும் என்று மெடிக்கல்லில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ஒருவருக்கு வந்தது பத்துப் பேருக்குப் பரவுகிறது.

என்ன செய்யலாம்?

மேலே சொன்னவர்களுக்குக் காய்ச்சல், இருமல் வந்தால் முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஃப்ளூ கிருமிக்கு ஓசல்டாமிவிர் என்ற மருந்து உண்டு. 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் தரும். அதை டாக்டர்தான் எழுதித் தரவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை போடும் தடுப்பூசியும் உண்டு. கர்ப்பிணிகளும் போட்டுக்கொள்ளலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, சளியில் ரத்தம், உதடு நீலமாதல், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடத்தல் – இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

சகோதரிகளே, கடன் வாங்கவும் கட்டவும் மட்டுமா நம் குழு? வாரக் கூட்டத்துக்கு வராத உறுப்பினர் வீட்டை அன்றே எட்டிப் பார்ப்போம். ஆட்டோ செலவுக்குக் கையில் காசில்லை என்றால் குழுச் சேமிப்பிலிருந்து அவசரக் கடன் கொடுப்போம். கர்ப்பிணிக்குத் துணைக்கு ஆள் இல்லையென்றால் நம்மில் ஒருத்தி கூடப் போவோம். இதை இன்றே தீர்மானமாக எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.