விஞ்ஞானமும் கலையும் கூடும் மண்டபம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



“இளைஞர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு பொருள்பற்றிப் பேசுங்கள்” என்று உங்கள் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். பொருளைத் தேடி நான் வெகுதூரம் போகவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியிலேயே அது கிடைத்துவிட்டது.

நான் சிறுவனாயிருந்த காலத்தில் படம் கீறுவதிலே எனக்குப் பெரும் ஆசை. துலாவையும் ஆடுகாலையும் கிணற்றடிக் கமுகுகளையும் கொப்பியின் பின்பக்கமெல்லாம் கீறி வைப்பேன். ஒரு நாள் ஐயா அதைக் கண்டுவிட்டார். “தம்பி, படம் கீறிப் பிழைக்கேலுமோ? கணக்கைப் பார்” என்றார். கோபித்துச் சொல்லவில்லை, என் நன்மையை எண்ணியே சொன்னார். நானும் கணக்கைப் பார்த்தேன். விஞ்ஞானப் பிரிவிலே சேர்ந்தேன். பென்சில் என் கையை விட்டுப் போயிற்று.

அதே ஐயா கோடையிலே கிணற்று நீரில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, “சவர் ஏறுது, இறைப்பைக் குறைக்க வேணும்” என்பார். விடியற்காலையில் நீர்மட்டம் எந்தக் கல்லிலே நிற்கின்றது என்று எட்டிப் பார்த்து மனத்திலே குறித்துக்கொள்வார். அவரை ஒருவரும் விஞ்ஞானி என்று அழைத்ததில்லை. ஆயினும் கூர்ந்து நோக்குதலும், நோக்கியதை மறவாது வைத்தலும், அதன் காரணத்தைத் தேடுதலும் அவரிடம் இருந்தன. இவை விஞ்ஞானிக்கு வேண்டியவை, ஓவியனுக்கும் வேண்டியவை. படம் வேண்டாமென்று என்னைத் தடுத்தவரே ஓர் ஓவியனின் கண்கொண்டு கிணற்றைப் பார்த்தார் என்பது எனக்குப் பல ஆண்டுகள் சென்றபின்னரே விளங்கிற்று.

இன்றும் நம் பிள்ளைகள் பதினாறு வயதளவில், சாதாரணதரப் பரீட்சை முடிந்தவுடன், ஒரு தெருச் சந்தியிலே நிற்கின்றார்கள். கணிதமும் உயிரியலும் ஒரு பக்கம், கலை மறுபக்கம். ஒரு தெருவிலே காலை வைத்தவர் மற்றத் தெருவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கெட்டித்தனமுள்ள பிள்ளைக்கு விஞ்ஞானம், மற்றப் பிள்ளைக்குக் கலை என்று ஊரும் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றது. இத் தீர்ப்பினால் இரு பகுதியாரும் நட்டப்படுகின்றார்கள்.

இத் தீர்ப்புப் பிழையென்பதற்கு நம்மவர் ஒருவரே சான்று. 1877இல் கொழும்பிலே பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆராய்ச்சியாளராகவே நாம் அறிவோம். அவர் முதலிலே ஒரு நிலவியல் அறிஞர். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராயிருந்தவர். தோரியனைற்று என்னும் புதிய கனிப்பொருளை 1904இல் உலகுக்கு அறிமுகஞ் செய்தவர். இலண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் பெற்றவர். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்ணிலே நம் கைவினைஞரின் வேலைப்பாடும் பட்டது. கல்லை ஆராய்ந்த அதே கண் சிற்பத்தையும் ஆராய்ந்தது. சிவ நடனத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை நூல் 1918இல் வெளிவந்தது. பின்னர் நடந்ததைக் கேளுங்கள்: 2004ஆம் ஆண்டிலே, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில், இந்திய அரசு அன்பளிப்புச் செய்த நடராசர் திருவுருவம் நிறுவப்பட்டது. அதன் அடியிலுள்ள பலகையிலே குமாரசுவாமியின் வாசகம் இருக்கின்றது. அணுவைப் பிளந்து ஆராய்கின்றவர்களின் முற்றத்திலே ஆடவல்லானுக்கு இடமிருக்குமானால், நம் பாடசாலைகளிலே விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் இடையில் மதில் எதற்கு?

இந்த மதிலைத் திறப்பதற்கு உலகிலே சில பல்கலைக்கழகங்கள் ஒரு வழி கண்டிருக்கின்றன. அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில், திரினிற்றிக் கல்லூரியைச் சார்ந்து, 2008இல் ‘விஞ்ஞானக் கூடம்’ ஒன்று திறக்கப்பட்டது. அது நூதனசாலையன்று. நூதனசாலையிலே முடிந்துபோன விடயங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே காண்கின்றோம். இக்கூடத்திலோ முடிவு காணாத கேள்விகளைக் காட்சிக்கு வைத்தார்கள். நிரந்தரக் காட்சிப் பொருள்கள் இல்லை. சில மாதங்களுக்கு ஒரு பொருள், பின் மற்றொன்று. ஒவ்வொன்றையும் ஆராய்ச்சியாளரும் ஓவியரும் சிற்பிகளும் சேர்ந்தே அமைத்தார்கள். வருபவர்களோடு நின்று பேசுவதற்குக் காவலாளிகளை வைக்காமல் இளம் மாணவர்களை வைத்தார்கள். சிறப்பாக எதிர்பார்த்த விருந்தினர் 15 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அதாவது, உங்களைப் போன்றவர்கள்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். 2009இல் அங்கே ‘தொற்று’ என்னும் கண்காட்சி நடைபெற்றது. வந்தவர்களின் மார்பிலே ஒரு சிறு மின்னணுச் சின்னத்தை அணிவித்தார்கள். யார் யாரை எதிர்நின்று சந்தித்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதை அச்சின்னங்கள் பதிந்தன. ஒரு நோய் அக்கூட்டத்திலே எப்படிப் பரவக்கூடும் என்று பார்வையாளருக்குக் காட்டினார்கள். 14,000 பேருக்கு மேற்பட்டோரின் சந்திப்புக்கள் இவ்விதம் பதிவாகி, உண்மையான ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. பார்க்க வந்தவரே ஆராய்ச்சியில் பங்காளியாயினர் என்பதைக் கவனியுங்கள். பதினொரு ஆண்டுகளின்பின் கொரோனா வந்து உலகையே வீட்டுக்குள் அடைத்தபொழுது, அக்கண்காட்சியைக் கண்ட இளைஞருக்கு அந்நோயின் நடை புதிதாயிருந்திராது.

டப்ளினைப் பார்த்து இலண்டன், மெல்பேர்ண் முதலிய நகரங்களிலும் பல்கலைக்கழகங்களைச் சார்ந்து இத்தகைய கூடங்கள் எழுந்தன. நமக்கு மிக அண்மையிலுள்ளது பெங்களூர்க் கூடம். கர்நாடக அரசின் ஆதரவோடும், இந்திய விஞ்ஞானக் கழகம் முதலிய நிறுவனங்களின் துணையோடும் அமைந்த அக்கூடத்தின் சொந்தக் கட்டடம் 2024 சனவரியிலேதான் திறக்கப்பட்டது. ஆனால் கட்டடம் எழும்பட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியிலேயே வேறிடங்களில் ஒரு கண்காட்சியை நடத்திவிட்டார்கள். அதன் பொருள் யாது தெரியுமா? தண்ணீர்!

இதை அறிந்தபொழுதுதான் எனக்கு எங்கள் கிணற்றடி நினைவுக்கு வந்தது. தண்ணீரைப் பற்றிக் கண்காட்சி வைக்க யாழ்ப்பாணத்தைவிடத் தகுந்த இடம் எங்கே இருக்கின்றது? வழுக்கியாற்றைத் தவிர நமக்கு ஆறில்லை. அதுவும் மாரியிலே மாத்திரம் ஓடுவது. நம் உயிர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளே நிற்கும் மழைநீரிலே இருக்கின்றது. அந்த நன்னீர் கனங்கூடிய உப்புநீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறைந்தாலோ, கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் நாற்பதடி ஏறிவிடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே இறைப்புக்கு எல்லை வைத்தது. யந்திரத்துக்குக் களைப்பில்லை. “சவர் ஏறுது” என்று ஐயா சொன்ன இரண்டு சொற்களின் விஞ்ஞானம் இதுதான்.

இதனைக் கரும்பலகையிலே எழுதினால் மாணவர் கொப்பியில் எழுதிப் பரீட்சையோடு மறந்துவிடுவர். ஒரு கண்ணாடித் தொட்டியிலே நிறமூட்டிய உப்புநீரின்மேல் நன்னீர் மிதக்கக் காட்டி, மேலே இறைக்க இறைக்கக் கீழ்நீர் எழும்புவதைக் கண்ணாலே காணச் செய்தால் மறப்பாரா? பக்கத்திலே புத்தூர் நிலாவரையின் நெடுக்குவெட்டுச் சித்திரம். மேலே நன்னீர், ஆழத்திலே உப்பு. துலாவின் ஓசையையும் இறைப்புக்காரரின் பாட்டையும் இசை மாணவர் திரட்டட்டும். அளவுமீறிய பசளையாலும் மலக்குழிகளாலும் கிணற்றிலே நைத்திரேற்று ஏறுவதை இரசாயன மாணவர் அளந்து காட்டட்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் குடிநீருக்கு எல்லையாக வைத்திருக்கின்றது. நம் குடாநாட்டிலே அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. கைக்குழந்தைகளுக்கு அது பேராபத்து. தாய்மார் பார்த்தவுடன் விளங்கிக்கொள்ளும்படி அதைச் சித்திரமாக்க ஓவியனன்றி வேறு யாரால் முடியும்?

இதற்கு வேண்டியவையெல்லாம் இங்கேயே இருக்கின்றன. 1974இல் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான நமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே விஞ்ஞானமும் மருத்துவமும் உண்டு. மருதனார்மடத்திலே இராமநாதன் பெயரால் தோன்றிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நுண்கலைப் பகுதியிலே இசையும் நடனமும் சித்திரமும் உண்டு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்களே. அவை ஒரு கூரையின் கீழ் கூடி, உங்களையும் உள்ளே அழைக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

செலவு என்னவாகும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிதி நெருக்கடியால் டப்ளின் கூடம் 2022இல் மூடப்பட்டதையும் நான் மறைக்கவில்லை. பெருங் கட்டடமும் பெருஞ் செலவுமாகத் தொடங்குவது நமக்கு ஏற்றதன்று. ஆனால் பெங்களூரார் கட்டடமின்றியே தொடங்கினார்கள் அன்றோ? நமக்கு ஒரு பாடசாலை மண்டபம் போதும். ஒரு வாசிகசாலையின் விறாந்தையும் போதும்.

அதற்கும் முன்னே இச்சங்கத்து இளைஞர் ஒன்று செய்யலாம். ஒவ்வொருவரும் ஒரு கொப்பி எடுங்கள். மாதத்தின் முதல் நாள் விடியற்காலையிலே, உங்கள் வீட்டுக் கிணற்றிலே கல் கட்டிய நூலை இறக்கி, நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். நீரின் சுவையை எழுதுங்கள். அதே பக்கத்திலே கிணற்றைப் பார்த்துப் படமும் கீறுங்கள். நன்றாய் வரவில்லையென்று வெட்கப்பட வேண்டாம். படம் கீறத் தொடங்கினாற்றான் அதுவரை காணாத வெடிப்பும் பாசியும் கண்ணிலே படும். அடுத்த ஆண்டு விழாவிலே அக்கொப்பிகளை ஒரு மேசைமீது பரப்பி, பல்கலைக்கழகத்தாரை அழைத்துக் காட்டுங்கள். நாம் வேண்டும் மண்டபத்தின் முதற் கண்காட்சி அதுவாகட்டும்.

ஐயா இன்று இல்லை. அவர் எட்டிப் பார்த்த கிணற்றிலே இப்பொழுது குடிக்கத் தகுந்த நீரும் இல்லை, சவர் ஏறிவிட்டது. அவர் மனத்திலே குறித்த அளவுகள் அவரோடு போய்விட்டன. படம் கீறிய சிறுவனும் நீரைச் சுவைத்த தந்தையும் ஒரு கொப்பியிலே சேர்ந்து எழுதியிருந்தால், அந்தக் கிணற்றின் வரலாறாவது எஞ்சியிருக்கும். நாங்கள் சேர்ந்து எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள்.