நாற்பது கம்பிகளின் கதை

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். வழக்கம்போல் பழைய கதை பேசிவிட்டு உட்காரலாம் என்றுதான் வந்தேன். ஆனால் காலையில் செயலாளர் ஒரு தாளைக் கையில் கொடுத்தார். இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் சைக்கிளில் மோட்டார் பொருத்தும் புராஜெக்டுக்கு நம் சங்கத்திடம் உதவி கேட்டுப் போட்ட எஸ்டிமேட். மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. சைக்கிளுக்கு நேராக "ஹாஸ்டலில் கிடக்கும் பழைய சைக்கிள், செலவு இல்லை" என்று எழுதியிருக்கிறது. படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

1985-இல் நாங்களும் இதே வேலையைச் செய்தோம். ஜப்பானில் ஹோண்டா 1946-இல், ராணுவ ரேடியோக்களுக்கு மின்சாரம் தந்த சின்ன எஞ்சின்களை சைக்கிளில் மாட்டி விற்றுத்தான் தொழிலைத் தொடங்கினார் என்று எங்கேயோ படித்துவிட்டோம். போதாதா! பழைய 50 சி.சி. மொபெட் எஞ்சின் ஒன்றை வாங்கி, ராத்திரி பகலாய்ப் பிரித்துக் கோத்தோம். கார்புரேட்டரைத் துடைத்த துடைப்பில் முகம் பார்க்கலாம். அதே ஹோண்டா 1949-இல் டிரீம் வண்டிக்குத் தனியாக அழுத்த எஃகுச் சட்டமே செய்தார் என்பது எங்கள் கண்ணில் படவில்லை.

பின்சக்கரம் வாங்குவது என் பொறுப்பு. காயலான் கடையில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நாற்பது ரூபாய் மிச்சம். அந்த நாற்பது ரூபாய்க்கு எல்லோரும் பரோட்டா சாப்பிட்டோம்.

நம் ஊர் கனத்த சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 40 கம்பி, முன்சக்கரத்துக்கு 32. பெடல் செயின் வலப்பக்கம் ஓடுவதால், எஞ்சின் செயினுக்கு இடப்பக்கம் ஒரு பல்சக்கரம் வேண்டும். அதை ஹப்பில் சேர்க்காமல், ரப்பர் வைத்து அந்தக் கம்பிகளோடு சேர்த்து முடுக்கிவிட்டோம். எஞ்சின் இழுக்கிற இழுப்பெல்லாம் கம்பியின் மேல்தான். ஒரு கம்பியைக் கையால் ஒடிக்க வேண்டுமென்றால் என்ன செய்வோம்? இப்படியும் அப்படியுமாக வளைப்போம். சக்கரம் சுற்றும்போது அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு கம்பியும் கீழே வரும்போது தளர்கிறது, மேலே போகும்போது விறைக்கிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 தடவை சுற்றும். விறைப்பாக இருக்கிற கம்பி தாங்கும். தொளதொளவென்று இருப்பது ஹப்பில் வளைந்து நுழைகிற கழுத்தில் ஒடியும்.

சோதனை ஓட்டத்துக்கு முந்தின நாள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரி வாசலில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் மட்டும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்ணு போச்சுன்னா அதோட பாரம் பக்கத்துக் கம்பிக்குத்தான். புதுசா நாப்பதும் போட்டுப் பெண்டு எடுத்துட்டு ஓட்டுங்க" என்றார். நாளைக்குப் பார்த்துக்கலாம் ஐயா என்று வந்துவிட்டேன்.

மறுநாள் ஓட்டியவன் என் அறைத் தோழன். பாலத்து இறக்கத்தில் மூன்று கம்பிகள் சேர்ந்து போயின. சக்கரம் ஆடியதில் செயின் பல்லை விட்டு நழுவி, கம்பிக்குள் சிக்கி, சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. வண்டிதான் நின்றது, அவன் நிற்கவில்லை. கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்து ஒன்றரை மாதம் கஞ்சிதான். கேம்பஸ் இன்டர்வியூ ஒன்றும் போயிற்று. நான் அந்த 'டிங்' பற்றி அவனிடம் சொன்னது பத்து வருஷம் கழித்து, அவன் கல்யாணத்தன்று. "அப்பவே தெரியும்டா" என்றான்.

தம்பிகளே, மிதித்து 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிளை மோட்டார் 30-க்குக் கொண்டுபோனால் வேகம்தான் இரட்டிப்பு. பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. அந்த ஹாஸ்டல் சைக்கிளில் இருப்பது கம்பி பிரேக்கும் குரோம் பூசிய இரும்பு ரிம்மும். மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். பள்ளத்தில் இறங்கிப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். வேண்டாம், இறங்க வேண்டாம். டிஸ்க் பிரேக்குக்கு இடம் உள்ள ஃபிரேமாக, ஃபோர்க்காகப் பாருங்கள்.

உங்கள் மோட்டார் ஹப்புக்குள்ளேயே இருக்கிறது. செயின் தொல்லை இல்லைதான். ஆனால் மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது ஆக்சிலைப் பின்னே திருப்பும். ஃபோர்க் நுனியின் பிளவை விரித்துக்கொண்டு ஆக்சில் கழன்றால், முன்சக்கரம் தனியே போய்விடும். முன்னால் மாட்டுவதாக இருந்தால் எஃகு ஃபோர்க் போடுங்கள், அலுமினியம் வேண்டாம். ஆக்சில் திரும்பாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புத் தகட்டுக் கை ஃபிரேமோடு கட்டாயம் வேண்டும். நம் ஒர்க் ஷாப்பிலேயே அறுத்துக்கொள்ளலாம். கம்பி 2 மில்லிமீட்டருக்குப் பதில் 2.6 போட்டால் குறுக்குப் பரப்பு 69 சதவீதம் கூடும். அதற்குத் தக்க துளையுள்ள, கனமான ரிம் பாருங்கள். மெல்லிய ரிம்மில் தடித்த கம்பியை முடுக்கினால் ரிம் கிழியும். 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டால் பதிவுத் தொல்லையும் கிடையாது.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டாருக்கும் பேட்டரிக்கும் சங்கம் கொடுக்கட்டும். ஃபிரேம், ஃபோர்க், இரண்டு சக்கரம், பிரேக் இவற்றின் செலவு என்னுடையது, வட்டியோடு அந்த நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு முந்தின நாள் எனக்குப் போன் செய்யுங்கள். நான் வந்து ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பார்ப்பேன். மூன்றாவது வரிசையில் தாடையைத் தடவிக்கொண்டு சிரிக்கிறானே, அவனும் கூட வருவான்.