டெலிபோனும் ஓட்டும்
(கரிவலம்வந்தநல்லூரில் பேசியதன் சுருக்கம்)

வெள்ளைக்காரன் ஆட்சியில் சொத்தோ, வரியோ, படிப்போ உள்ளவனுக்கே பெரும்பாலும் ஓட்டு. கூலிக்காரனுக்கு அது கிடைத்தது 1952 தேர்தலில்தான். அதைப் போடாமல் வீட்டில் முடங்கிக் கிடப்பது என்ன யோக்கியதை?

டெலிபோனில் கூப்பிடப் போகும் தோழர்கள் பிரசங்கம் செய்ய வேண்டாம். பதிவுசெய்த குரலாலும் பிரயோஜனமில்லை. தெருக்காரர் குரலுக்குத்தான் மதிப்பு. "எத்தனை மணிக்குப் போகிறீர்கள், யாருடன்?" என்று கேளுங்கள், நேரம் அவர் வாயாலேயே வரட்டும். சாவடி தெரியாதவருக்கு 1950 என்ற எண்ணைக் கொடுங்கள். அட்டை தொலைந்தவரிடம், பட்டியலில் பெயரிருந்தால் ஆதார் போதுமென்று சொல்லுங்கள். ஜாதி மட்டும் கேட்காதீர்கள்.

"ராகுகாலம் கழியட்டும்" என்பாரும் உண்டு. ராகுகாலம் போனால் எமகண்டம்! அவரோடு தர்க்கம் செய்ய நமக்கு அன்று நேரமில்லை. 6 மணிக்குச் சாவடி மூடுகிறவர் பஞ்சாங்கம் பார்ப்பதில்லையென்று சொல்லிவிட்டு, நாலு மணிக்கு மறுபடியும் கூப்பிடுங்கள்.