தோலுரிதலும் தோஷமும்



இன்று தோலைப் பற்றிப் பேசப் போகிறேன். இது என்ன பேச்சு என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இவ்வூருக்கு வந்ததும் நான் கண்ட சங்கதியைக் கேட்டால் சிரிப்பு வராது. முழங்கையிலும் முழங்காலிலும் வெள்ளைச் செதில் உதிரும் ஒரு தோழருக்கு அவர் வீட்டிலேயே தனித் தட்டும் தனிப் பாயும் போட்டிருக்கிறார்கள். பாம்பை அடித்த பாவத்தால் சட்டை உரிகிறது என்றாராம் ஜோசியர். புற்றுக்குப் பால் வார்த்தாயிற்று. பரிகாரத்திற்கென்று ஒரு மாட்டையும் விற்றாய்விட்டது. செதில் மாத்திரம் நிற்கவில்லை!

பாம்பு மட்டுமா சட்டை உரிக்கிறது? பாவி, புண்ணியவான், ஜோசியர் ஆகிய எல்லோருடைய தோலும் தினமும் உதிர்ந்துகொண்டுதானிருக்கிறது. அடியில் பிறக்கும் தோலணு மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதமாகும். தூளாய்ப் போவதால் நாம் அறிவதில்லை. சோரியாசிஸ் என்னும் செதில் படையிலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தி வழிதவறித் தோலையே தூண்டிவிடுகிறது. ஒரு மாத வேலை சில நாளில் நடப்பதால் முதிராத தோல் செதிலாய்க் குவிகிறது. இது தொட்டாலும் ஒட்டாது; கூட உண்டாலும் ஒட்டாது. இதையும் குஷ்டத்தையும் ஒன்றென்று வெகுகாலம் மயங்கியிருந்தார்கள். 1841ல் வியன்னா வைத்தியர் ஹெப்ரா இரண்டும் வேறென்று பிரித்துக் காட்டினார். குஷ்டமுங்கூட இன்று மருந்தால் குணமாகிற வியாதியேயாகும்.

நிற்க, உதடு உரிவதைப் பாருங்கள். உதட்டுத் தோல் மிக மெல்லியது. எண்ணெய்ப் பசையும் அதற்கு மிகக் குறைவு. காய்ந்தால் நாவால் நனைக்கிறோம். எச்சில் உலரும்போது உள்ள ஈரத்தையும் கொண்டுபோகிறது. மறுபடியும் நக்குகிறோம், பல்லால் உரிக்கிறோம். பற்பசை, உதட்டுச் சாயம், வெயில், சத்துக் குறைவு இவைகளும் காரணமாகலாம்.

சத்துக் குறைவால் தோல் உரியும் என்பதற்கு ருஜு வேண்டுமா? அமெரிக்காவின் தென்பகுதியில் பெல்லாக்ரா என்ற நோயால் ஏழைகளின் தோல் உரிந்தது. தொற்று நோய் என்றார்கள். 1915ல் கோல்ட்பெர்கர் என்ற வைத்தியர், விடுதலைக்காக இசைந்த 11 கைதிகளுக்கு மக்காச்சோளம் போன்ற சத்தற்ற ஆகாரமே கொடுத்துவர, 6 பேருக்கு அந்நோய் கண்டது. 1916ல் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடம்பில் ஏற்றிக்கொண்டார், செதிலையும் விழுங்கினார். நோய் வரவில்லை! குற்றம் தலையெழுத்தில் இல்லை, சோற்றுத் தட்டில் இருந்தது.

ஆகவே தோழர்களே! உதட்டை நக்காதீர்கள், உரிக்காதீர்கள், வாசலின் தடவுங்கள். மூன்று வாரத்தில் ஆறாவிட்டால், அதிலும் புகையிலை போடுகிறவர்கள், தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், புற்றுநோயாகவும் இருக்கலாம். செதில் படையை மருந்தால் அடக்கி வைக்கலாம். அடியோடு ஒழிப்பேனென்று பணம் கேட்பவனை நம்பாதீர்கள். புற்றுக்கு வார்க்கும் பாலை உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

இன்றிரவு நான் அத்தோழரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறேன். உங்களில் யார் யார் வருகிறீர்கள்?